தண்ணீர் வராத இருபத்தேழு படங்கள்

எனக்குக் கார்ட்டூன் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பத்தோரு வருஷம் டவுண் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். ஜங்ஷனுக்கும் பேட்டைக்கும் நடுவில் மனிதர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுவதையும், மிதிபடுவதையும், கதவில் வேட்டி மாட்டிக்கொண்டு ஓடுவதையும் தினமும் பார்த்தாயிற்று. அதையே கழுதையும் பூனையும் செய்தால் புதிதாக என்ன சிரிப்பு வந்துவிடப் போகிறது?

ஆனால் சுவிசேஷமுத்துவைப் பற்றி எழுத வேண்டுமென்றால் கார்ட்டூனைப் பற்றித்தான் எழுத வேண்டும். வேறு வழியில்லை.

பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியின் முதல் மாடியில் எங்களுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. ஆறு கட்டில், ஆறு மெஷின், சுவரில் ஒரு டிவி. செவ்வாய், வியாழன், சனி, காலை ஏழு மணி முதல் பதினொரு மணி வரை கையில் இரண்டு ஊசியோடு படுத்திருக்க வேண்டும். என் கட்டில் நாலு. அவருடையது மூன்று. அந்த ஒரு காரணத்தால்தான் எனக்கு அவர் பழக்கம். பஸ்ஸில் பக்கத்து சீட்காரனைப் போல, நாமாகத் தேர்ந்தெடுத்த ஆள் இல்லை.

அவர் சமாதானபுரத்துக்காரர். வயது ஐம்பத்தெட்டு. ஆள் ஒல்லி, சட்டை எப்போதும் இஸ்திரி போட்டது. ஒரு காலத்தில் பேட்டை ரோட்டில் வீடியோ கேசட் கடை வைத்திருந்தார். மூன்று மணி நேர கேசட்டில் இரண்டரை மணி நேரப் படம் பதிவு செய்தால், மிச்சம் அரை மணி நேரம் நாடா சும்மா கிடக்கும். மற்ற கடைக்காரர்கள் அப்படியே விட்டுவிடுவார்கள். இவருக்கு அது பொறுக்காது. தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்த கிளமென்ட் என்ற சிநேகிதர் கப்பல்காரர்களிடமிருந்து பழைய கார்ட்டூன் கேசட்டுகள் வாங்கிக் கொடுப்பாராம். ஏழு நிமிஷம், எட்டு நிமிஷம் ஓடும் குட்டிப் படங்கள். அவற்றில் மூன்று நான்கை எடுத்து அந்தச் சும்மா கிடக்கும் நாடாவில் ஒட்டிக் கொடுத்தார். கொஞ்ச நாளில் ஜனங்கள், “அண்ணாச்சி, முன்னால எந்தப் படம் இருந்தாலும் சரி, பின்னால நல்ல கார்ட்டூனாப் பாத்துக் குடும்” என்று கேட்க ஆரம்பித்தார்களாம். இதை அவர் என்னிடம் சொன்னது குறைந்தது நாற்பது தடவை இருக்கும்.

கேசட் போயிற்று, கடை போயிற்று, சர்க்கரை வந்தது, சிறுநீரகம் போயிற்று. படங்கள் மட்டும் ஒரு பென் டிரைவில் ஏறி அவர் சட்டைப் பையில் இருந்தன. மொத்தம் நூற்றுப் பதினோரு படம். எல்லாம் அந்தக் காலத்துப் படங்கள்; வாய்ப்பேச்சு கிடையாது, பாட்டு வாத்தியம் மட்டும்தான்.

முன்பு அந்த டிவியில் செய்தி ஓடும். நாலு பேர் உட்கார்ந்து கத்துவார்கள். எங்களுக்கு ரத்தக் கொதிப்பு ஏறும், மெஷின் கூவும். இவர் வந்த இரண்டாம் மாதம், டெக்னீஷியன் டெபோராவிடம் கெஞ்சிக் கூத்தாடி பென் டிரைவைச் சொருகிவிட்டார். அன்றிலிருந்து அந்த ரூமுக்கு அவர்தான் தியேட்டர்காரர்.

சும்மா போட்டுவிட்டுப் போகிற ஆளா என்றால் இல்லை. புதிதாக வருகிறவர்களுக்கென்று அவரிடம் ஒரு வரிசை இருந்தது. முதல் நாள் கழுதை, இரண்டாம் நாள் பூனை, மூன்றாம் நாள் சேவல். இது மாறவே மாறாது.

கழுதைப் படத்தில், நாற்சந்தி நடுவில் ஒரு கழுதை உட்கார்ந்துவிடும். போலீஸ்காரர் தள்ளுவார், இழுப்பார், தாஜா பண்ணுவார். அது அசையாது. கடைசியில் போலீஸ்காரர் களைத்துப்போய் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவார். கழுதை இடது காதையும் வலது காதையும் ஆட்டி ஆட்டி வண்டிகளை ஒழுங்காக அனுப்பிவைக்கும். “மொத நாளு வாரவன் கைய அசைக்கக் கூடாதுல்லா. ஊசி நழுவிரும். அசையாம இருக்கவனும் ஜெயிப்பாம்னு அவனுக்குத் தெரியணும்வே” என்பார். இரண்டாம் நாள் படத்தில் ஒரு பூனை சிங்கத்துக்கு முடிவெட்டும். அடுத்தவன் கையில் கத்தி, நாம் தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அதுதான் பாடமாம். மூன்றாம் நாள், தொண்டை கட்டிப்போன ஒரு சேவல் சட்டி பானையையெல்லாம் தட்டி ஊரை எழுப்பும். அதற்கும் ஏதோ காரணம் சொன்னார், எனக்கு மறந்துவிட்டது.

ஒருநாள் புதிதாக வந்த ஒருவரிடம் நான் கழுதைப் படத்தை முந்திக்கொண்டு சொன்னேன். “கடைசியில கழுத போலீஸ்காரர உதைச்சிரும்” என்றேன். மூன்றாம் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“உதைக்காதுவே. காத ஆட்டும்.”

“ரெண்டும் ஒண்ணுதான்வே.”

“ஒண்ணில்ல. உதைச்சா அது வேற படம். தெரியலன்னா வாய மூடிட்டுக் கிடயும். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.”

என்னை அந்த ரூமில் எல்லார் முன்னாலும் கழுதை என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். ஆனால் ஒன்று, படத்தைத் தப்பாகச் சொன்னால் மட்டும்தான் அவருக்குக் கோபம் வரும். மற்றபடி பரம சாது.

அவருடைய வரிசையின் உண்மையான ரகசியம் எனக்குத் தெரிய ஒரு வருஷம் ஆயிற்று. அதைச் சொல்வதற்கு முன் தாகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு மூத்திரம் போகாது. குடிக்கிற தண்ணீர் எல்லாம் உடம்பிலேயே தங்கும். அதிகமானால் நுரையீரலில் ஏறும், நெஞ்சை அடைக்கும், ஆளை முடித்துவிடும். ஆகவே ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் கணக்கு. காப்பி, ரசம், மாத்திரை முழுங்குவது எல்லாம் அதற்குள். ஊரைச் சுற்றி ஆறு ஓடுகிறது, கொக்கிரகுளம் பாலத்தில் பஸ் போகும்போது நான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வேன். சனிக்கிழமை மெஷினிலிருந்து இறங்கினால் அடுத்தது செவ்வாய்தான். ஞாயிறும் திங்களும் எங்களுக்கு எமகண்டம்.

சுவிசேஷமுத்து தன் முதல் மாதத்தில் வீட்டில் உட்கார்ந்து பழைய படம் ஒன்றைப் பார்த்திருக்கிறார். அதில் ஒரு குழாய் உடைந்து வீடு முழுக்கத் தண்ணீர். படம் முடிந்ததும் எழுந்து போய் ஒரு சொம்பு குடித்துவிட்டார். எப்படிக் குடித்தோம் என்றே தெரியவில்லையாம். அதன்பின் நூற்றுப் பதினோரு படத்தையும் முதலிலிருந்து பார்த்து, தண்ணீர் வராத படங்களைப் பொறுக்கினார். இருபத்தேழுதான் தேறியது. கார்ட்டூன் எடுக்கிறவனுக்குத் தண்ணீரைக் கண்டால் சும்மா இருக்க முடியாது, எவனையாவது உள்ளே தள்ளிவிட்டே தீருவான். டிவியில் அந்த இருபத்தேழு மட்டும்தான் திரும்பத் திரும்ப ஓடியது. இவ்வளவு நாள் பார்த்தும் எங்களில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

மிச்சத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் அவர் தனியாக வைத்திருந்தார். யானைப் படம். அதுதான் அவருக்கு உயிர். நூறு தடவை ஊசி போட்டவர்களுக்கு மட்டும், அதையும் டிவியில் இல்லாமல் தன் போனில், கையால் மறைத்துக்கொண்டு காட்டுவார். நூறு ஊசி தாண்டியவன் தண்ணீரைப் பார்த்தாலும் தாங்கிக்கொள்வான் என்பது அவர் கணக்கு. என் நூறாவது நாளில் எனக்கும் காட்டினார். ஓர் அரண்மனையில் தீப்பிடித்துவிடும். ஒரு குட்டி யானை குளத்தையே உறிஞ்சி எடுத்துக்கொண்டு ஓடும். மீன்களெல்லாம் சேற்றில் நின்று ஒன்றை ஒன்று பார்க்கும். வழியில் யானைக்கு விக்கல் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு விக்கலுக்கும் தண்ணீர் பீச்சியடிக்கும். வாடிக் கிடக்கும் தோட்டம் நனையும், குழாயடியில் வரிசையாக இருக்கும் குடங்கள் நிரம்பும், குளிக்காத ஒரு ஆள் குளித்துவிடுவான். அரண்மனை வாசலுக்கு வரும்போது தும்பிக்கை நுனியில் ஒரே ஒரு சொட்டு. எல்லாம் எரிந்து முடிந்து, கரி பூசிய முகத்தோடு ராஜா நாக்கை நீட்டிக்கொண்டு நிற்பார். அந்தச் சொட்டு விழுமா விழாதா என்று வெகுநேரம் தொங்கும். பிறகு விழும்.

போனில் பார்த்தபோது எனக்கு ஒன்றும் செய்யவில்லை. “இதுக்கா இம்புட்டு பீடிகை?” என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

போன ஆவணியில் மாடக்கண்ணு வந்தான். முப்பத்தாறு வயது. பேட்டையில் ஒரு கம்பெனியிலிருந்து தண்ணீர் கேன் எடுத்து வீடு வீடாகப் போடுகிற வேலை. தோளுக்கு ஒன்றாக இரண்டு கேனோடு மூன்று மாடி ஏறுவானாம். தோள்வலிக்கு மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்கி வாங்கித் தின்று சிறுநீரகத்தைத் தொலைத்தவன். அவன் மனைவி பேச்சித்தாய் அவனைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள்.

சுவிசேஷமுத்து வழக்கப்படி கழுதையைப் போட்டார். மாடக்கண்ணு சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். பூனைக்கும் சேவலுக்கும் அதேதான். மூன்றாவது வாரம் செவ்வாயும் வியாழனும் வரவே இல்லை. சனிக்கிழமை பேச்சித்தாய் எப்படியோ அழுது அவனைக் கொண்டுவந்து சேர்த்தாள். உடம்பெல்லாம் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தான். இன்னொரு வாரம் இப்படி நின்றால் ஆள் இருக்க மாட்டான் என்று டெபோரா எங்கள் காதுபடவே சொன்னாள்.

ஊசி ஏற்றியதும் பேச்சித்தாய் மூன்றாம் கட்டில் பக்கம் வந்து நின்றாள். “அண்ணாச்சி, நீங்க சொன்னா கேப்பாரு. செவ்வாக்கெழம வரமாட்டேன்னுதாரு. என்னால தூக்கிட்டு வர முடியுமா அண்ணாச்சி?” என்றாள். அவர் தலையை ஆட்டினார். அவள் வெளியே போய்விட்டாள். யாருக்கும் உபதேசம் பண்ணத் தெரியாத மனிதர் அவர். அவருக்குத் தெரிந்தது படம் போடுவது ஒன்றுதான்.

ஒன்றன்பின் ஒன்றாக ஆறு படம் போட்டார். மாடக்கண்ணு முதல் முறையாக வாயைத் திறந்தான்.

“அண்ணாச்சி, நானும் மூணு வாரமாப் பாக்கேன். இத்தன படத்துல ஒருத்தனும் ஒரு வாய் தண்ணி குடிக்கலையே. மழ பெய்யல, ஒரு கொளங் கெடையாது. நமக்காவ பாத்துப் பொறுக்கிப் போடுதீரு, அப்படித்தான?”

கேன் தூக்கினவன் கண்ணுக்குத்தான் அது பட்டிருக்கிறது.

“படத்துலகூட நமக்குத் தண்ணி கெடையாதுன்னா, எதுக்கு வரணும்? நான் இனிமே வரல” என்று சொல்லிவிட்டு அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

சுவிசேஷமுத்து என்னைப் பார்த்தார். “போடட்டுமாவே?” என்று கேட்டார். எதைப் போட என்று எனக்குத் தெரியும். அவனுக்கு ஏழோ எட்டோ ஊசிதான் ஆகியிருந்தது. நூறுக்கு எவ்வளவு தூரம். நான் யோசித்திருக்க வேண்டும். “போட்டுத் தொலையும், ஆளு போயிருவான் போல” என்றேன். என் வாய் சொன்ன வார்த்தை அது, அதை நான் மறுக்க மாட்டேன்.

யானைப் படம் டிவியில் ஓடியது. போனில் பார்த்தது வேறு, இது வேறு. குளம் சுவர் அளவுக்கு நின்றது. முதல் விக்கலுக்கு மாடக்கண்ணு கண்ணைத் திறந்தான். குடங்கள் நிரம்பும்போது எழுந்து உட்காரப் பார்த்தான், டெபோரா அதட்டினாள். குளிக்காத ஆள் நனைந்தபோது சிரித்தான். அப்படி ஒரு சிரிப்பு. மெஷின் கூவ ஆரம்பித்துவிட்டது, டெபோரா ஓடி வந்தாள், அவளும் சிரித்தாள், ஆறு பேரும் சிரித்தோம். கார்ட்டூன் பிடிக்காத நானும் சிரித்தேன். கடைசிச் சொட்டு தொங்கும்போது மட்டும் ஒருவரும் மூச்சு விடவில்லை. ராஜா நாக்கில் அது விழுந்ததும் ஆறு பேர் தொண்டையிலும் எச்சில் இறங்கியதை நான் கேட்டேன்.

போகும்போது மாடக்கண்ணு மூன்றாம் கட்டிலுக்கு வந்து, “செவ்வாக்கெழம வாரேன் அண்ணாச்சி. இன்னொரு வாட்டி அதப் போடணும்” என்றான். சுவிசேஷமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. கேசட் கடையில் முதல் ஆள் கார்ட்டூன் கேட்டு வந்த அன்று கூட இவ்வளவு சந்தோஷம் இருந்திருக்காது.

செவ்வாய்க்கிழமை மாடக்கண்ணு கிடந்த ஆறாம் கட்டில் காலியாக இருந்தது. திங்கட்கிழமை காலையில் மூச்சுத்திணறல் வந்து, ஆட்டோவில் ஏற்றி, வழியிலேயே முடிந்துவிட்டது என்று டெபோரா சொன்னாள். சனிக்கிழமை மெஷின் உறிஞ்சி எடுத்த தண்ணீரைவிட அதிகமாக உடம்பில் ஏறியிருந்ததாம். “இப்படி நின்னு நின்னு வந்தா இதயம் தாங்காது அண்ணாச்சி. இன்னைக்கு இல்லன்னா இன்னொரு நாளு” என்றும் சொன்னாள். எங்களுக்குச் சொன்னாளா, அவளுக்கே சொல்லிக்கொண்டாளா தெரியாது.

எடை பார்க்கிற வரிசையில் சுவிசேஷமுத்து எனக்குப் பின்னால் நின்றார். என் தோளில் கையை வைத்து, மெதுவாகக் கேட்டார்.

“ஒண்ணு கேப்பேன், உண்மையச் சொல்லும். அந்தப் படம் பாத்துட்டு வீட்டுக்குப் போனீருல்லா. உமக்குத் தாகம் எடுத்துச்சாவே?”

நான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்ன செய்தேன் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன். மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினால் அந்தக் குடங்கள் நிரம்புகின்றன. எழுந்து போய்ப் பானையிலிருந்து மூன்று சொம்பு குடித்தேன். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. குடிக்கும்போது பயமே இல்லை. அவ்வளவு நன்றாக இருந்தது.

“எனக்கா? ஒரு மண்ணும் இல்ல. கார்ட்டூனப் பாத்து எவனாவது தண்ணி குடிப்பானாவே? நீரு சும்மா மனசப் போட்டுக் கொழப்பாதீரும்” என்றேன்.

அவர் மூச்சு விட்டார். நான் சொன்னதை நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். நான் தராசில் ஏறினேன். அங்கே ஒரு வழக்கம் உண்டு: டெபோரா எடையை உரக்கப் படிப்பாள், மேஜையில் இருக்கிற நர்ஸ் எழுதிக்கொள்வாள். தண்ணீர் இல்லாமல் உடம்பு இருக்க வேண்டிய எடைக்கு மேல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் படிப்பாள். எத்தனையோ நூறு தடவை நின்ற தராசு. பொய் சொல்லும்போது அது எனக்கு ஞாபகம் வரவில்லை.

“சுடலையாண்டி அண்ணாச்சி. நாலு கிலோ நூறு கூட” என்று டெபோரா படித்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, “என்ன அண்ணாச்சி இது? உங்களுக்கு எப்பவும் ரெண்டுதான?” என்றாள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. தோளில் இருந்த அவர் கை எடுபட்டது மட்டும் தெரிந்தது.

அன்றைக்கு டிவியில் செய்தி ஓடியது. நாலு பேர் கத்தினார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வியாழக்கிழமை பேச்சித்தாய் வந்தாள். ரத்தம் ஊறுவதற்குப் போடுகிற ஊசி மருந்து இரண்டு மிச்சம் இருந்ததாம். இறந்தவர் வீட்டுக்காரர்கள் அதைக் கொண்டுவந்து ரூமில் வேறு யாருக்காவது கொடுத்துவிட்டுப் போவது எங்கள் நடுவில் ஒரு பழக்கம். ஐஸ் போட்ட டப்பாவில் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தாள். அதை டெபோராவிடம் கொடுத்துவிட்டு நேராக மூன்றாம் கட்டிலுக்கு வந்தாள்.

“அண்ணாச்சி, ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம். ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பிச்சதுலருந்து அவுக சிரிக்கவே இல்ல. கடசி ரெண்டு நாளு சிரிச்சாவ. புள்ளைக்கு அந்த யானக் கதையச் சொன்னாவ. வாய் நெறயத் தண்ணிய வச்சுக்கிட்டு விக்கல் எடுக்க மாதிரிப் பீச்சிக் காட்டுனாவ. திரும்பத் திரும்பக் காட்டச் சொல்லி புள்ள கெடந்து சிரிக்கா. செத்தாலும் அந்தச் சிரிப்ப வீட்டுல விட்டுட்டுப் போயிருக்காவ.”

வாயில் வைத்த தண்ணீரையெல்லாம் அவன் வெளியேதான் பீச்சினானா? நான் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இல்லை. சுவிசேஷமுத்து இரண்டு கையையும் கூப்ப நினைத்தார்; ஒரு கையில் ஊசி இருந்ததால் மற்றதை மட்டும் தூக்கினார். அவள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். திட்டியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். டெபோரா சொன்னதைச் சொன்னேன். அவன் விதி என்றேன். போடச் சொன்னது நான்தானே, பாவம் எனக்கு என்றேன். எரிச்சல் தாங்காமல் ஒருநாள், “நீரு என்ன கடவுளாவே, ஆள வச்சிருக்கவும் அனுப்பவும்?” என்று கத்தியும் விட்டேன். “சரிவே” என்று மட்டும் சொன்னார். அவரிடம் பொய் சொன்னவன் பேச்சுக்கு என்ன மதிப்பு இருக்கும்? பென் டிரைவ் இன்னும் சட்டைப் பையில்தான் இருக்கிறது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டு படுத்திருப்பார்.

போன வியாழக்கிழமை ஆறாம் கட்டிலுக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். ஜாய்சி என்று பெயர், ராதாபுரம் பக்கம். ஊசி ஏறும்போதே அழ ஆரம்பித்துவிட்டாள், கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். டெபோரா மூன்றாம் கட்டிலைப் பார்த்தாள். “போடும்வே, கழுதையத்தான போடப்போறீரு, அதுல ஏது தண்ணி?” என்றேன் நான். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்து, நானே கழுதைக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். நாற்சந்தி, போலீஸ்காரர், வண்டிகள், எல்லாம் சொன்னேன். அவள் அழுகை கொஞ்சம் அடங்கியது. கடைசிக் கட்டம் வந்ததும் குரலை உயர்த்தி, வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன்.

“கடைசியில கழுத எந்திரிச்சு, அந்தப் போலீஸ்காரர ஒரு ஒத ஒதைச்சிட்டு, அதுபாட்டுக்கு வீட்டுக்குப் போயிரும்.”

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். மெஷின்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார், விரல் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தது.

“அம்புட்டுத்தானா அண்ணாச்சி?” என்று ஜாய்சி கேட்டாள்.

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன். மூன்றாம் கட்டிலிலிருந்து சத்தமே இல்லை.

“அம்புட்டுத்தான்மா” என்றேன்.